தலை போனாலும் தலைப்பாகை போகாது

நார்ஃபோக் டியூக் குடியிருப்பது நார்ஃபோக்கில் அல்ல. நார்ஃபோக் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. டியூக்கின் கோட்டையோ தெற்கே சசெக்ஸில், அருண்டெல் என்ற ஊரில். இது முதல் கோணல். குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கம். ஆனால் ஆங்கிலத் திருச்சபையின் தலைவராகிய அரசருக்கு முடிசூட்டு விழா நடத்திவைப்பது இவர்களுடைய பரம்பரை உத்தியோகம். இது இரண்டாவது. டியூடர் அரசர்கள் வெட்டிய தலைகளில் இந்த வீட்டுத் தலைகள் கணிசம். இன்றைக்கு அரச சிம்மாசனத்தில் இருப்பவர் கண்ணை மூடினால் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவரும் இதே வீட்டுக்காரர்தான். மேற்கொண்டு எண்ண வேண்டாம், கதை முழுக்கவே இப்படித்தான் போகும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் பக்கம் ஆறுதல் சொல்வார்கள். நார்ஃபோக் வீட்டில் அது தலைகீழ். தலை போய்விடும். தலைப்பாகை எங்கேயாவது ஒரு பரணில் பத்திரமாக இருக்கும். அடுத்த அரசர் வந்ததும் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பார்.

பட்டத்தின் விதி எளிமையானது. அரசர் கொடுப்பார். மூத்த மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் ஆண்வழித் தாயாதிக்குத் தாவும். பெண்ணுக்குக் கிடையாது. அரசருக்குக் கோபம் வந்தால் யாருக்குமே கிடையாது.

முதன்முதலாக இதைப் பெற்றவர் தாமஸ் மௌப்ரே. இரண்டாம் ரிச்சர்டு 1397 செப்டம்பர் 29 அன்று ஒரே மூச்சில் ஐந்து பேரை டியூக் ஆக்கினார். அதுவரை அந்தப் பட்டம் பெரும்பாலும் அரச ரத்தத்துக்குள்ளேயே சுற்றிவந்த அபூர்வச் சரக்கு. கூடை கூடையாகக் கொட்டவும், 'குட்டி டியூக்குகள்' என்று நாட்டில் சிரித்தார்கள். மௌப்ரேக்கு எதற்காகக் கிடைத்தது என்று கேட்டால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். அவர் கலே கோட்டையின் காவலதிகாரி. அரசருக்கு ஆகாத சித்தப்பா ஒருவர் அவர் பொறுப்பில் அங்கே அடைபட்டிருந்தார். அதே செப்டம்பரில் செத்தும் போனார். எப்படிச் செத்தார் என்று அரசர் கேட்கவில்லை, மௌப்ரேயும் சொல்லவில்லை. பட்டம் மட்டும் வந்து சேர்ந்தது. அதே நாளில் எழுபதைத் தாண்டிய அவருடைய பாட்டி மார்கரெட்டையும் சொந்த உரிமையில் டச்சஸ் ஆக்கினார்கள்.

மூன்று மாதம் நிம்மதியாக இருந்திருப்பார். டிசம்பரில் லண்டன் சாலையில் குதிரையில் போகும்போது, கூட வந்த அரசரின் சித்தப்பா மகன் ஹென்றி போலிங்புரோக்கிடம், "அரசர் நம் இரண்டு பேரையும் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்" என்று மனம் விட்டுப் பேசிவிட்டார். போலிங்புரோக் நேராக அரசரிடம் போய் ஒப்பித்தார். நீ துரோகி, நீதான் பொய்யன் என்று இருவரும் மாறி மாறிச் சொல்ல, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவாயிற்று. 1398 செப்டம்பர் 16, கோவென்ட்ரி. ஊரே திரண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. இருவரும் கவசம் பூட்டி ஈட்டியோடு குதிரைமேல் தயார். அந்த நேரம் பார்த்து அரசர் கையிலிருந்த கோலைக் கீழே போட்டு ஆட்டத்தை நிறுத்தினார். மௌப்ரேக்கு ஆயுள் முழுக்க நாடுகடத்தல், போலிங்புரோக்குக்குப் பத்து வருடம். காசு கொடுக்காமல் பார்க்க வந்தவர்களே ஏமாந்துபோனார்கள் என்றால், காசு செலவழித்துக் கவசம் செய்துகொண்ட மௌப்ரேயை என்ன சொல்ல. அடுத்த செப்டம்பரில் அவர் வெனிஸில் செத்தார். அதற்குள் திரும்பி வந்துவிட்ட போலிங்புரோக் அதே மாதத்தில் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றியாக உட்கார்ந்துகொண்டார்.

மௌப்ரேயின் மூத்த மகன் 1405-இல் கலகம் செய்து தலையை இழந்தான். இளையவனுக்கு 1425-இல் பட்டம் திரும்பக் கிடைத்தது. அவன் பெயர் ஜான், அவன் மகன் ஜான், பேரனும் ஜான். வழக்கும் அடிதடியுமாக மூன்று ஜான்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசி ஜான் 1476-இல் இறந்தபோது மிச்சம் ஒரே ஒரு குழந்தை, மூன்று வயது ஆன். இங்கிலாந்தின் பெரிய சொத்துகளில் ஒன்றுக்கு வாரிசு. நான்காம் எட்வர்டு அரசர் சும்மா இருப்பாரா? தன் இளைய மகன் ரிச்சர்டுக்குப் பெண் கேட்டார். 1478 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டரில் கோலாகலமாகக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நான்கு வயது, பெண்ணுக்கு ஐந்து. மாப்பிள்ளை வெறுங்கையோடு வரக் கூடாதென்று முந்தின வருடமே அவனை நார்ஃபோக் டியூக் ஆக்கியிருந்தார்கள். 1481-இல், ஒன்பது வயது நிறைவதற்கு முன்பே பெண் இறந்துவிட்டாள். குழந்தையில்லாமல் மனைவி போய்விட்டால் சொத்து அவள் பிறந்த வீட்டுப் பங்குதாரர்களுக்குத் திரும்ப வேண்டும். மௌப்ரே வீட்டுப் பெண்கள் வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஜான் ஹவர்டும் வில்லியம் பெர்க்லியும், வரிசையில் நின்றிருந்தார்கள். மாமனாரான அரசர் நாடாளுமன்றத்தைக் கூப்பிட்டுச் சொத்து என் மகனிடமே இருக்கும் என்று சட்டம் போட்டுக்கொண்டார். வரதட்சணையைத் திருப்பித் தர மறுத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கென்று தனிச்சட்டம் இயற்றியவர் இவர்.

(அந்தக் குழந்தை டச்சஸ் பிறகு ஒருமுறை செய்தியில் அடிபட்டாள். 1964-இல் கிழக்கு லண்டனில் கட்டட வேலைக்காகத் தோண்டிய ஆட்களுக்கு ஒரு ஈயப் பெட்டி அகப்பட்டது. உள்ளே ஆன் மௌப்ரே. விஞ்ஞானிகள் பார்த்து முடித்தபின் 1965-இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் மறுபடி புதைத்தார்கள்.)

ஜான் ஹவர்டு எட்வர்டுக்குப் பல வருடம் உழைத்த மனிதர். பங்கு போனது நெஞ்சில் முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். 1483 ஏப்ரலில் எட்வர்டு இறந்தார். தம்பி ரிச்சர்டு, அண்ணன் பிள்ளைகளை லண்டன் டவரில் வைத்துவிட்டு ஜூன் 26-இல் தானே அரசரானார். ஜூன் 28-இல் ஜான் ஹவர்டு நார்ஃபோக் டியூக். இடையில் ஒரே ஒரு நாள். டவருக்குள் இருந்த சின்ன ரிச்சர்டுக்கும் அதே பட்டம் இருந்ததே என்று அந்த அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பையனையும் அவன் அண்ணனையும் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஹவர்டு மேல் சந்தேகப்பட்டவர்கள் உண்டு, சாட்சியம் கிடையாது. ஆதாயம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. இன்றைய டியூக்கின் வரிசை எண் இந்த ஜான் ஹவர்டிலிருந்துதான் தொடங்குகிறது. மௌப்ரேக்களும் மறைந்துபோன பையனும் கணக்கில் சேர்த்தியில்லை.

இரண்டு வருடம் கழித்து பாஸ்வொர்த் போர்க்களம். முந்தின இரவு டியூக்கின் கூடாரத்தில் யாரோ ஒரு மொட்டைக் கடிதம் செருகிவிட்டுப் போனார்களாம்: உன் எஜமானனை ஏற்கெனவே விற்றாயிற்று, நீ ரொம்பத் துள்ளாதே என்ற பொருளில். அவர் துள்ளினார். 1485 ஆகஸ்ட் 22-இல் எஜமானரும் அவரும் ஒரே களத்தில் விழுந்தார்கள்.

வென்ற ஏழாம் ஹென்றி, செத்தவர்மேலும் கூட நின்ற மகன் தாமஸ்மேலும் அட்டெய்ண்டர் என்ற சட்டத்தைப் பாய்ச்சினார். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் அடிக்கடி வந்துபோகும் விருந்தாளி என்பதால் அதை ஒருமுறை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இன்னார் துரோகி என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டால் பட்டம் போச்சு, நிலம் போச்சு; அதோடு அவர் ரத்தமே கெட்டுவிட்டது என்று வைத்துப் பிள்ளை பேரன்களுக்கும் வாரிசு உரிமை போச்சு. இதில் ஒரு வசதி உண்டு. கெட்ட ரத்தத்தை இன்னொரு சட்டம் போட்டுச் சுத்தமாக்கிவிடலாம். எந்த வைத்தியனுக்கும் கைவராத வித்தை.

ரிச்சர்டுக்காக ஏன் சண்டை போட்டாய் என்று கேட்டபோது தாமஸ் சொன்ன பதிலை அவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிவந்தார்கள். அவர் முடிசூடிய அரசர். நாடாளுமன்றம் ஒரு மரக்கட்டையின் மேல் முடியை வைத்தால் அந்தக் கட்டைக்காகவும் சண்டை போடுவேன் என்றாராம். கேட்டவர் யோசித்திருப்பார்: இப்போது முடி நம் தலையில், இவன் நமக்குத்தான் உபயோகப்படுவான். மூன்று வருடச் சிறைக்குப் பின் 1489-இல் தாமஸ் வெளியே வந்தார். டியூக் பட்டத்தைக் கொடுக்காமல் வேலை மட்டும் வாங்கினார்கள். எழுபது வயதில், 1513-இல் ஃபிளாடன் போர்க்களத்துக்குப் போய் ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸையே வீழ்த்திவிட்டுத் திரும்பினார். மறு வருடம் பட்டம் திரும்பியது. கூடவே குடும்பச் சின்னத்தில் வாயில் அம்பு பாய்ந்த ஸ்காட்லாந்துச் சிங்கத்தைப் பொறித்துக்கொள்ள அனுமதி. சின்னத்தில் எதைப் பொறிப்பது என்ற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பேரன் தலைமுறையில் அது உயிருக்கு உலை வைக்கப்போகிறது.

மூன்றாம் டியூக்கும் தாமஸ். இந்த வம்சத்தில் பெயர் வைக்க யாரும் மெனக்கெட்டதில்லை. எட்டாம் ஹென்றியின் அரசவையில் இவருடைய மூலதனம் வீட்டுப் பெண்பிள்ளைகள். தங்கை மகள் ஆன் போலின் 1533-இல் ராணியானாள். தாய்மாமன் என்றால் நமக்குத் தெரியும்: காதுகுத்துக்கு மடியில் உட்கார வைப்பவர், சீர்வரிசையோடு முதல் ஆளாக வந்து நிற்பவர். இந்தத் தாய்மாமன் 1536 மே மாதம் மருமகளின் வழக்குக்குத் தலைமை தாங்கி, கண்ணீர் வழிய வழிய, இவளை எரிக்கலாம் அல்லது தலையை வெட்டலாம், அரசர் இஷ்டம் என்று தீர்ப்பை வாசித்தார். அரசர் தலையைத் தேர்ந்தெடுத்தார். நான்கு வருடம் கழித்துத் தம்பி மகள் கேத்தரின் ஹவர்டு ராணியானாள். 1542 பிப்ரவரியில் அவள் தலையும் போயிற்று. இந்த முறை பெரியப்பா, தம் உறவினர் செய்த துரோகத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று அரசருக்கு உருகி உருகிக் கடிதம் எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் மனிதருக்கு நல்ல பெயர் இல்லை. மனைவி எலிசபெத் ஸ்டாஃபோர்டு, புருஷன் பெஸ் ஹாலண்ட் என்பவளை வைத்துக்கொண்டு தன்னை அடித்து உதைக்கிறார் என்று மந்திரி கிராம்வெல்லுக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். 1546 டிசம்பரில் டியூக்கும் அவர் மகன் சர்ரே பிரபுவும் கைதானபோது விசாரணை அதிகாரிகளுக்கு வேலை மிச்சம். வைப்பாட்டி பெஸ் வந்து சாட்சி சொன்னாள். சொந்த மகளும் சொன்னாள். மகன் சர்ரே நல்ல கவிஞன். இயைபு இல்லாத செய்யுள் நடையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவன். அவன் செய்த குற்றம், 'கன்ஃபெசர்' எட்வர்டு என்ற பழங்கால அரசரின் சின்னத்தைத் தன் குடும்பச் சின்னத்தில் சேர்த்து வரைந்துகொண்டது. சிம்மாசனத்துக்கு அடிபோடுகிறான் என்று அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். 1547 ஜனவரி 19-இல் அவன் தலையை வெட்டினார்கள். அப்பாவுக்கு ஜனவரி 27-இல் அட்டெய்ண்டர் சட்டம் ஒப்புதலாயிற்று. ஹென்றிக்குக் கையெழுத்துப் போடவும் தெம்பில்லை. அதற்கென்று வைத்திருந்த முத்திரைதான் வேலை செய்தது. டியூக் மறுநாள் சாகவேண்டியவர். மறுநாள் விடிவதற்குள் அரசர் செத்துவிட்டார். புது ஆட்சியை ரத்தத்தோடு தொடங்க வேண்டாம் என்று டியூக்கை அப்படியே டவரில் விட்டுவைத்தார்கள்.

ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார். 1553-இல் மேரி ராணி வந்து விடுவித்தபோது ஏறக்குறைய எண்பது வயது. வேறு யாராக இருந்தாலும் காசிக்கோ ரோமுக்கோ போயிருப்பார்கள். இவர் வெளியே வந்த கையோடு மறுபடி நீதிபதி நாற்காலியில் ஏறி, நார்தம்பர்லாண்ட் டியூக்குக்கு மரண தண்டனை வாசித்தார். கைவந்த தொழிலை எப்படி விடுவது. மறு வருடம், வெட்டுப்பட வேண்டிய கழுத்து முழுசாக இருக்க, படுக்கையில் இயற்கை மரணம்.

பேரன்தான் நான்காம் டியூக். இவரும் தாமஸ். எலிசபெத்தின் இங்கிலாந்தில் அப்போது இருந்த ஒரே டியூக். நார்விச்சில் தன் அரண்மனை டென்னிஸ் மைதானத்தில் நின்றால் சில அரசர்களுக்குச் சமமாகத் தோன்றுகிறது என்று சொன்னவர். சொத்துச் சேர்க்கும் கலையில் நம் மிராசுதார்களுக்குப் பாடம் எடுத்திருக்கலாம். முதல் மனைவி மேரி ஃபிட்ஸ்ஆலன் வழியாக அருண்டெல் கோட்டை வீட்டுக்கு வரும்படி ஆயிற்று. மூன்றாவதாக டேக்கர் பிரபுவின் விதவையைக் கட்டினார். அவளுக்கு முதல் தாரத்தில் ஒரு பையன், மூன்று பெண்கள். பையன் மரக்குதிரையில் ஏறி விளையாடும்போது விழுந்து இறந்தான். மூன்று பெண்களையும் தன் மூன்று மகன்களுக்கு வரிசையாகக் கட்டிவைத்தார். ஒரு குழிநிலம் வெளியே போகவில்லை.

இத்தோடு நின்றிருக்கலாம். மூன்று மனைவிகளும் இறந்தபின், எலிசபெத்தின் சிறையில் இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரியைக் கட்டலாமே என்று ஆசை வந்தது. அவளுடைய முந்தைய புருஷன் டார்ன்லி தங்கியிருந்த வீடு வெடித்துச் சிதறி, அவர் தோட்டத்தில் பிணமாகக் கிடந்தார். அதனால் முதலில் டியூக், தலையணையில் நம்பித் தலைவைத்துப் படுக்க முடியாத இடத்தில் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று எலிசபெத்திடம் சத்தியம் செய்தார். பிறகு ரகசியமாக நடந்த பேச்சு காதுக்கு வந்ததும், தலையணையைப் பார்த்துக்கொள் என்று எலிசபெத்தே அதைத் திருப்பிச் சொன்னாள். சிறையில் போட்டு, இனிமேல் அவள் பக்கமே திரும்ப மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மனிதர் திரும்பினார்.

மாட்டிக்கொண்ட விதம்தான் பரிதாபம். 1571-இல் மேரியின் ஆட்களுக்கு வடக்கே பணம் அனுப்ப வேண்டும். டியூக்கின் காரியதரிசிகள் ஒரு துணி வியாபாரியைப் பிடித்து, ஐம்பது பவுண்டு வெள்ளிக் காசு, கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று ஒரு பையைக் கொடுத்தார்கள். தினமும் காசைக் கையால் நிறுத்துப் பார்க்கிறவனிடம் இந்த வேலை நடக்குமா? தூக்கிய உடனேயே ஐம்பது பவுண்டு வெள்ளி இந்தக் கனம் கனக்காதே என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. பிரித்தான். அறுநூறு பவுண்டு தங்கம், சங்கேத எழுத்தில் கடிதங்கள். நேராக அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தான். டியூக் வீட்டைச் சோதித்தால், கடிதம் பாயின் அடியில், சங்கேதத்தின் திறவுகோல் கூரை ஓட்டுக்கடியில். பள்ளிக்கூடப் பையன் சிகரெட்டை ஒளித்துவைக்கும் இடங்கள். எலிசபெத் மரண உத்தரவில் கையெழுத்துப் போடுவாள், இரவில் மனம் மாறி ரத்து செய்வாள், இப்படிப் பலமுறை. டவர் குன்றின் மேடை பல வருடம் உபயோகிக்காமல் மரம் இற்றுப்போயிருந்ததால் அதையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 1572 ஜூன் 2-இல் புது மேடையில் காரியம் முடிந்தது.

பட்டம் பரணுக்குப் போய் 88 வருடம் கிடந்தது. மகன் ஃபிலிப் அம்மா வழியில் அருண்டெல் பிரபு ஆனார். பிறகு கத்தோலிக்கராகி, 1585-இல் நாட்டைவிட்டு ஓடப் பார்த்துப் பிடிபட்டு, பத்து வருடம் டவரில் கிடந்து செத்தார். 1970-இல் போப் அவரைப் புனிதராக்கினார். இந்தக் குடும்பத்தில் அரசர் கொடுக்காத, எந்த அரசரும் பறிக்க முடியாத ஒரே பட்டம் அதுதான். ஃபிலிப்பின் மகன் தாமஸுக்குக் கல்மேல் காதல். கிரேக்க ரோமானியச் சிலைகளைக் கப்பல் கப்பலாக வாங்கிக் குவித்து, உள்நாட்டுப் போர் வந்ததும் வெளிநாடு போய் 1646-இல் பாதுவாவில் இறந்தார்.

1660-இல் இரண்டாம் சார்லஸ் சிம்மாசனம் திரும்பினார். ஊரில் எல்லோரும் பழைய பாக்கியைக் கேட்டு வந்து நிற்கிற காலம். 90-க்கும் மேற்பட்ட பிரபுக்கள் கையெழுத்திட்டு நார்ஃபோக் பட்டத்தைத் திரும்பக் கொடுக்கும்படி மனுப் போட்டார்கள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நாலு தலைமுறை காத்திருந்த பட்டம் வந்தேவிட்டது. வாங்கிக்கொள்ள வேண்டியவர் எங்கே? அவர் பெயர், வேறென்ன, தாமஸ். பாதுவாவில் இருந்தார். இளவயதிலேயே சித்தம் கலங்கியவர். குடும்பம் அவரை இத்தாலியிலேயே ஆட்கள் வைத்துப் பார்த்துக்கொண்டது. இங்கிலாந்தின் முதன்மை டியூக் தான் என்பது அவருக்கு விளங்கியதா என்று யாரும் குறித்துவைக்கவில்லை. 17 வருடம் அப்படியே டியூக்காக இருந்தார். தம்பி ஹென்றி காரியங்களைக் கவனித்துக்கொண்டார். ரொம்பவே கவனித்துக்கொள்கிறார், அண்ணன் உண்மையிலேயே பைத்தியம்தானா என்று குடும்பத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்து நாடாளுமன்றம் வரை போயிற்று. நேரில் பார்த்துவந்தவர்கள் ஆமாம் என்று சொன்னபின் அடங்கியது. 1677-இல் அண்ணன் போனதும் தம்பி ஆறாம் டியூக். தாத்தா சேர்த்த கல்வெட்டுகளை ஆக்ஸ்ஃபோர்டுக்கும் புத்தகங்களை ராயல் சொசைட்டிக்கும் தானம் கொடுத்தவர் இவரே. வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

எர்ல் மார்ஷல் பதவி, அதாவது அரச விழாக்களையும் குடும்பச் சின்னங்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்தையும் மேற்பார்க்கிற வேலை, 1672-இல் இவருக்குப் பரம்பரையாக எழுதிக் கொடுக்கப்பட்டது. சின்னத்தை மாற்றி வரைந்ததற்காகத் தலை வெட்டுப்பட்ட கவிஞனின் வாரிசுகளிடம், யார் எந்தச் சின்னத்தை வரையலாம் என்று பார்த்துச் சொல்லும் அதிகாரம் வந்து சேர்ந்தது. கத்தோலிக்கர் என்பதால் அவர்களே அந்த வேலையைச் செய்யக் கூடாது, ஒரு புராட்டஸ்டண்ட் பதிலாளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. கத்தோலிக்க டியூக்குகள் காலத்தில் 1824 வரை அப்படித்தான் ஓடியது.

ஏழாம் டியூக் புராட்டஸ்டண்ட் ஆனவர். கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸ் பூசைக்குப் போகும்போது முன்னால் வாளேந்தி நடக்கவேண்டியது இவர் முறை. தேவாலய வாசலில் டக்கென்று நின்றுவிட்டார். "உன் அப்பாவாக இருந்தால் இன்னும் உள்ளே வந்திருப்பார்" என்றார் அரசர். "உங்கள் அப்பா உங்களைவிட நல்லவர், அவர் இவ்வளவு தூரமே வந்திருக்க மாட்டார்" என்றார் டியூக். நூறு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் இன்னொரு மேடை கட்ட வேண்டியிருந்திருக்கும்.

எட்டாமவர் காலத்தில்தான் நார்ஃபோக்குடனான ஒட்டு அறுந்தது. நார்விச் அரண்மனைக்குத் தன் நாடகக் கோஷ்டியை எக்காளம் ஊதி ஊர்வலமாக அழைத்துவர நினைத்தாராம். ஊர் மேயர் முடியாது என்றாராம். போங்கடா என்று 1711-இல் அரண்மனையை இடிக்கச் சொல்லிவிட்டார்.

பதினோராம் டியூக் சார்லஸ் பற்றி ஒரு புத்தகமே போடலாம், மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். தண்ணீர் என்றால் ஆகாது, உள்ளேயும் சரி வெளியேயும் சரி. குடித்து மயங்கிக் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் வேலைக்காரர்கள் அவரைக் குளிப்பாட்டுவார்களாம். வாதநோய்க்கு என்னென்னவோ மருந்து பார்த்துவிட்டேன் என்று ஒரு நண்பரிடம் புலம்பியபோது, துவைத்த சட்டை போட்டுப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டது லண்டன் முழுக்கப் பரவியது. நாடாளுமன்றத்தில் உட்காருவதற்காக 1780-இல் மதம் மாறினார். 1798-இல் ஒரு பெரிய விருந்தில் எழுந்து, நம் அரசரின் நலத்துக்கு என்று எல்லோரும் எதிர்பார்க்க, மக்களே மாட்சிமை தங்கிய அரசர் என்ற தோரணையில் கோப்பையை உயர்த்தினார். மூன்றாம் ஜார்ஜ் அவருடைய கௌரவப் பதவிகளைப் பிடுங்கிக்கொண்டார். தலையைத் தொடவில்லை, காலம் அவ்வளவு மாறியிருந்தது. பாஸ்வொர்த்தில் விழுந்த ஜான் ஹவர்டின் சந்ததி அத்தனை பேருக்கும், பட்டம் கிடைத்த முந்நூறாவது ஆண்டு விருந்து வைக்கவும் இவர் ஆசைப்பட்டார். பட்டியல் எடுக்க ஆரம்பித்து ஆறாயிரம் பேரைத் தொட்டதும், சமையல் செலவை நினைத்தோ என்னவோ, கைவிட்டார்.

அவருக்கு வாரிசு இல்லை. பட்டம் தாயாதிக்குப் போனது. அந்தத் தாயாதியின் மகன் பதின்மூன்றாம் டியூக் ஹென்றி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானவர். 1845 டிசம்பர். உருளைக்கிழங்கு அழுகல் நோய் பரவிவிட்டது, ரொட்டி விலை ஏழைக்கு எட்டவில்லை. சசெக்ஸில் ஒரு விவசாயக் கூட்டத்தில் டியூக் எழுந்து வழி சொன்னார்: ஒரு சிட்டிகை கறிப்பொடியை வெந்நீரில் கலந்து குடித்துவிட்டுப் படுத்தால் வயிறு கதகதவென்று இருக்கும், பசி தெரியாது. ஒரு ரசம் வைக்கக்கூட நம் வீட்டில் புளி, தக்காளி, பருப்புத் தண்ணீர் என்று ஏதாவது துணை கேட்போம். இவர் வெறும் பொடியிலேயே பஞ்சத்தை முடித்துவிட்டார். பஞ்ச் பத்திரிகை பிடித்துக்கொண்டது. நாடெங்கும் கேலிப்படம், கேலிப்பாட்டு. முன்னோர்கள் வெட்டுமேடையில் சேர்த்த கம்பீரத்தை இவர் ஒரு சிட்டிகையில் கரைத்தார்.

பதினைந்தாம் டியூக் தபால் மந்திரியாக இருந்து, அதை விட்டுவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் போயர் போருக்குக் கிளம்பினார். பதினாறாம் டியூக் பெர்னார்டு எட்டு வயதில் பட்டத்துக்கு வந்தவர். 28 வயதில் 1937 முடிசூட்டு, பிறகு 1953 முடிசூட்டு, 1965-இல் சர்ச்சிலின் அடக்கம் எல்லாம் இவர் கைங்கரியம். ஒத்திகையில், பிஷப்புகள் கால் சேர்த்து நடக்கப் பழகாவிட்டால் விடிய விடிய இங்கேயே இருக்க வேண்டியதுதான் என்று அதட்டியதாகச் சொல்வார்கள். 1962-63-இல் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கு மேனேஜராகவும் போனார். ராணிக்கு முடிசூட்டு நடத்திவைத்தவர், அணித் தலைவர் டெக்ஸ்டரின் பெட்டிகள் வந்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த அணியில் இருந்த காலின் கௌட்ரி நம் ஊட்டியில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பின்னாளில், 1985-இல், டியூக்கின் மூத்த மகளையே மணந்தார்.

டியூக்குக்கு நான்கும் பெண்கள். ஸ்காட்லாந்துப் பட்டம் ஒன்று பெண்ணுக்கும் போகக்கூடியது என்பதால் அது மூத்தவளுக்குக் கிடைத்தது. நார்ஃபோக் பட்டம் 1975-இல் வழக்கம்போலத் தூரத்துத் தாயாதி ஒருவரைத் தேடிப்போயிற்று. பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை 1999-இல் மேலவையிலிருந்து வெளியேற்றியபோதும், விழா நடத்த ஆள் வேண்டுமே என்று எர்ல் மார்ஷலுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

அந்தத் தூரத்துத் தாயாதியின் மகன் எட்வர்டு, பதினெட்டாம் டியூக், 2022 செப்டம்பர் 19-இல் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கை ஒரு நிமிடம் பிசகாமல் நடத்திக் காட்டினார். உலகமே பார்த்தது. ஒரு வாரம் கழித்து லண்டன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நின்றார். அந்த ஏப்ரலில் பேட்டர்சீ பக்கம், செல்போனைப் பார்த்துக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டி, போலீஸ் வண்டிக்கு முன்னாலேயே பி.எம்.டபிள்யூ காரை ஓட்டியிருக்கிறார். ஏற்கெனவே லைசென்ஸில் ஒன்பது புள்ளிகள். அரசர் சார்லஸின் முடிசூட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், கார் ஓட்டாமல் முடியாது என்று வக்கீல் வாதாடினார். முடிசூட்டு விவரங்கள் ரகசியம் என்பதால் அந்தப் பகுதி விசாரணை கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. டிரைவர் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்தானே என்று சொல்லி ஆறு மாதம் தடை போட்டு, 800 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். டியூக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வந்த வேலையைப் பார்க்கப் போனார்; மறு வருடம் மே 6-இல் முடிசூட்டு இருந்தது.